தெருவுக்குச் சாலை வேண்டும்: எந்த நிதியைக் கேட்பது?

மழைக்காலம் ஓய்ந்ததும் தமிழகத்தின் குடியிருப்போர் நலச் சங்கங்கள் மனு எழுத உட்காரும். ‘எங்கள் தெருவுக்குச் சாலை அமைத்துத் தர வேண்டும்’ என்ற ஒரே மனுவின் நகல் கவுன்சிலருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் கலெக்டருக்கும் போகும். பிறகு காத்திருப்புதான். தெருவைச் சீரமைக்க அரசிடம் பல நிதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அளவு, தனி விதி, தனி வேகம் உண்டு. வேலைக்குப் பொருந்தாத நிதியைக் கேட்கும் மனு, மேசை மேசையாகச் சுற்றிவிட்டு அங்கேயே படுத்துவிடும்.

மனுவுக்கு முன் மூன்று கேள்விகள்

சாலை யாருடையது? கிராமப்புறத்தில் மாநில நெடுஞ்சாலையும் மாவட்டச் சாலைகளும் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஒன்றியச் சாலைகள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஊர்த் தெருக்கள் ஊராட்சியைச் சேர்ந்தவை. சென்னையில் பேருந்து ஓடும் சாலைகளை மாநகராட்சியின் தனித் துறை பார்க்கிறது. உட்தெருக்களை மண்டல அலுவலகம் பார்க்கிறது. மனைப்பிரிவுகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மனை போட்டவர் தெருக்களைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஒப்படைக்காத தெரு, சட்டத்தின் பார்வையில் தனியார் நிலம். அதில் பொதுப்பணத்தைச் செலவிட எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டார்.

சாலைக்கு அடியில் என்ன வரப்போகிறது? பாதாளச் சாக்கடையோ குடிநீர்க் குழாயோ அடுத்த ஆண்டு வரும் என்றால், இந்த ஆண்டு போடும் தார் வீண்.

தண்ணீர் எங்கே வடியும்? வடிகால் இல்லாத தெருவில் சாலையை மட்டும் கேட்பது, வெள்ளத்தை வீட்டுக்குள் அழைப்பது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும், வீட்டுத் தரைமட்டம் சாலைக்குக் கீழே போய்விடக் கூடாது என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் மனுவில் இதையும் ஒரு கோரிக்கையாக எழுதுங்கள்.

உள்ளாட்சியின் சொந்த நிதி

சொத்து வரியும் நிதிக்குழு மானியங்களும் சேர்ந்த இந்தப் பணம்தான் தெருவுக்கு இயல்பான நிதி. பள்ளம் அடைப்பது, தெருவிளக்கு, சிறு வடிகால், உட்தெருச் சாலை எல்லாம் இதில்தான் வர வேண்டும். பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் இதிலிருந்தே பணம் ஒதுக்க முடியும். மற்ற நிதிகள் பெரும்பாலும் கட்டிக் கொடுத்துவிட்டு விலகிவிடுபவை.

குறை, பற்றாக்குறைதான். 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊராட்சிகளுக்கு அளித்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. சாலை உள்ளிட்ட மற்றத் தேவைகள் எல்லாம் மீதி 40 சதவீதத்துக்குள் போட்டியிட வேண்டியிருந்தது. ஆகவே வரிசை உண்டு. அந்த வரிசையில் இடம் பிடிக்க வேண்டிய இடம் கிராம சபை. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் அது கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சித் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் உள்ள ஊரிலும் சபை கூட வேண்டும். நகரங்களில் 2022-ல் விதிகள் வகுக்கப்பட்ட வார்டு குழுவும் பகுதி சபையும் இதற்கான இடங்கள். அங்கே பேசினால் மட்டும் போதாது. கோரிக்கை தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

எம்.எல்.ஏ. நிதி

சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதி 2019-20-ல் ஆண்டுக்கு 3 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. உறுப்பினர் பணியைப் பரிந்துரைப்பார். கலெக்டர் நிர்வாக அனுமதி தருவார். சிமென்ட் சாலை, பேவர் பிளாக் தெரு, சிறுபாலம், ரேஷன் கடைக் கட்டடம் போல ஒரே தவணையில் முடிகிற வேலைகளுக்கு இது பொருத்தம். உள்ளாட்சியின் வரிசையில் பின்தங்கிய தெருவுக்கும் இது கைகொடுக்கும்.

ஆனால் ஒரு தொகுதியில் எத்தனை தெருக்கள் என்று எண்ணிப் பாருங்கள். பரிந்துரை பெரும்பாலும் சட்டமன்ற உறுப்பினரின் முடிவு என்பதால், சபைத் தீர்மானத்தின் நகலோடு போகும் மனுவுக்குத்தான் எடை கூடும். தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் புதிய அனுமதிகள் நின்றுவிடும். எனவே தேர்தல் ஆண்டுக்கு முன்பே கேளுங்கள்.

எம்.பி. நிதி

1993-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். எம்.எல்.ஏ. நிதியைவிடப் பெரிதாகத் தெரியும். தமிழகத்தில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். பங்கிட்டால் சட்டமன்றத் தொகுதி ஒன்றுக்குச் சுமார் 83 லட்சம்தான். ஆகவே ஒரு தெருவுக்காக இதைக் கேட்பதைவிட, பல தெருக்களுக்கும் பயன்படும் பாலம், சமுதாயக்கூடம், இணைப்புச் சாலை ஆகியவற்றுக்குக் கேட்பதே சரி. நிலைத்து நிற்கும் பொதுச் சொத்தை உருவாக்குவதே இதன் நோக்கம். நிலம் வாங்க இதில் இடமில்லை.

பலர் கவனிக்காத ஒரு வழி: தமிழகத்தின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களும் மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் பணிகளைப் பரிந்துரைக்கலாம்.

நமக்கு நாமே

1997-98-ல் தொடங்கி, 2021-ல் மீண்டும் வந்த திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். மீதியை அரசு தரும். ஊரகப் பகுதிகளில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வாழும் இடங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். பணம் கையில் இருந்தால் இந்த வழி வேகமானது. கட்டியவர்களின் கண்ணும் வேலையின் மீதே இருக்கும்.

ஆயினும் சாலைக்கும் வடிகாலுக்கும் இதை முதல் வழியாகக் கொள்ளாதீர்கள். வரி கட்டியவர்களுக்கு அடிப்படை வசதி உரிமை. அதற்கு இரண்டாம் முறை பணம் கட்டச் சொல்வது நியாயமல்ல. பங்கு திரட்ட முடிந்த தெரு முன்னேறும். கூலி வேலை செய்பவர்கள் வாழும் பக்கத்துத் தெரு பின்தங்கும். பூங்கா, பள்ளிச் சுற்றுச்சுவர், நூலகம், குளம் சீரமைப்பு என்று ஊரே கூடிப் பயன்பெறும் வேலைகளுக்கு இதை வையுங்கள்.

எதற்கு எது?

- பள்ளம், தெருவிளக்கு, அடைத்த வடிகால்: உள்ளாட்சியின் சொந்த நிதி. வேறெங்கும் அலைய வேண்டாம்.
- ஒரு தெருவுக்குப் புதிய சாலை: முதலில் சபைத் தீர்மானம், ஓராண்டில் நகராவிட்டால் அதே தீர்மானத்தோடு எம்.எல்.ஏ. நிதி.
- பல தெருக்களை இணைக்கும் பாலம், பொதுக்கட்டடம்: எம்.பி. நிதி.
- பூங்கா, குளம், பள்ளி: நமக்கு நாமே.
- பல கிலோமீட்டர் ஒன்றியச் சாலை: மாநிலத் திட்டங்கள். 10,000 கிலோமீட்டர் ஊரகச் சாலைகளை மேம்படுத்த 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றில் உங்கள் சாலையைச் சேர்க்கும்படி ஊராட்சி ஒன்றியத்திடம் கேளுங்கள்.

பணம் வந்த பிறகு

நிதி ஒதுக்கியதோடு சங்கத்தின் வேலை முடிவதில்லை. மதிப்பீட்டின் நகலை வாங்கி நீளம், அகலம், தடிமன் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சாலை போடும் நாளில் இரண்டு பேராவது அளவுகோலோடு நில்லுங்கள். நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது: பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாட்களுக்குள் பதில். மதிப்பீடு, அளவுப் புத்தகம், ஒப்பந்ததாரர் எத்தனை காலம் பழுதுபார்க்கப் பொறுப்பு ஆகிய மூன்றையும் ஒரே மனுவில் கேட்கலாம்.

எம்.எல்.ஏ. நிதியும் எம்.பி. நிதியும் அவர்கள் சட்டைப் பையிலிருந்து வருபவை அல்ல. அவை மக்கள் பணம். பரிந்துரைக்கும் பொறுப்பு மட்டுமே அவர்களிடம். ஆகவே ‘தயவுசெய்து’ என்று தொடங்கும் மனுவை மாற்றி எழுதுங்கள். தெருவின் பெயர், நீளம், உரிமையாளர் எந்த அமைப்பு, சபைத் தீர்மான எண், கேட்கும் நிதியின் பெயர் ஆகிய ஐந்தும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். அந்த மனுவுக்கு ‘பார்க்கலாம்’ என்று பதில் சொல்வது கடினம்.