செம்மேப்பிள் வேண்டும் என்ற மருமகனுக்கு

ஜார்ஜ் டவுன், பினாங்கு



நாட்காட்டிப் படமொன்றில் தழலெனச் சிவந்து நிற்கும் செம்மேப்பிள் மரத்தைக் கண்டு மோகித்து, உங்கள் கம்பத்து வீட்டு வளவில் அதை வளர்க்க வழி கேட்டிருக்கிறாய். ஆசை குற்றமன்று, ஆனால் விதைக்குப் பணம் அனுப்பிவிடாதே. வட அமெரிக்காவின் கிழக்குப் பிரதேசத்திற்குரிய அவ்விருட்சம், கூதிர்காலத்தில் பகல் குறுகிக் குளிர் ஏறும்போது பச்சையம் சிதைய, இலையிலேயே உண்டாகும் செந்நிறமியால் சிவந்து, பின்னர் இலை முழுவதையும் உதிர்த்துப் பனிக்காலம் நெடுக உறங்கி எழுவதை ஸ்வபாவமாகக் கொண்டது. பூமத்திய ரேகையை ஒட்டிய நம் தீவிலோ ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய ஒரே அளவு. 833 மீட்டர் உயர்ந்த கொடிமலையிலும் நீர் உறையும் குளிர் வருவதில்லை. மலாயாக் காடுகளிலும் ஏசர் லாரினம் என்ற மேப்பிள் உண்டு. ஆயினும் அது என்றும் பசுமையானது, உன் மனம் நாடும் சிவப்பை அது தராது.

தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தைப் பார்த்திருப்பாய். கருங்கல் வெட்டிக் கைவிடப்பட்ட இடத்தில் 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் உருவாக்கத் தொடங்கியது அது. அதுபோல மண்ணைப் பிரயாசைப்பட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் சீதோஷ்ணத்தை யாராலும் திருத்த இயலாது.

ஆகவே என் அபிப்பிராயம், நீ கெத்தாப்பாங் மரத்தை, அதாவது நம்மவர் நாட்டு வாதுமை என்று சொல்லும் கடற்கரை மரத்தை வைக்க வேண்டும் என்பது. உதிருமுன் அதன் அகன்ற இலைகள் செக்கச்செவேலென்று மாறும். (சண்டை மீன் வளர்க்கும் உன் நண்பர்கள் அச்சருகுகளுக்காக உன் வாசலில் வந்து நிற்பார்கள், பார்.) கிளைகள் தட்டுத் தட்டாகப் படர்ந்து மரம் பெரிதாகுமாதலால், சுவருக்கும் சாக்கடைக்கும் வெகு தூரம் தள்ளி நடு, வேர் நடைபாதைக் கல்லையும் பெயர்த்துவிடும்.

நடும் முறையில் மேப்பிளுக்கும் வாதுமைக்கும் பேதமில்லை. குழியை ஆழத்தைவிட அகலமாக வெட்டு. தொட்டிக்குள் வட்டமாய்ச் சுற்றிய வேர்களைப் பிரித்துவிட்டு, அடித்தண்டு விரிந்து வேராகும் இடம் நிலமட்டத்தில் தெரியும்படி வைக்க வேண்டும். ஆழப் புதைத்தால் காற்றின்றி வேர் திணறும், தண்டின் பட்டையும் அழுகும். சருகை அடியில் பரப்பு, ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடம் விடு. மழை மிகுந்த செப்டம்பர், அக்டோபரில் நட்டால், அடுத்து வரும் வறண்ட மாதங்களில் மட்டும் ஆழ நீர் ஊற்றினால் போதும். உச்சியை மட்டும் ஒருபோதும் வெட்டாதே. தட்டுத் தட்டான அழகே கெட்டுவிடும்.

இலை முழுவதும் சிவந்து கொட்டும் நாளில் மரம் பட்டுப்போயிற்று என்று பயந்து வெட்ட ஆள் அழைத்துவிடாதே. சற்றுப் பொறு, புதுத் துளிர் தானாக வரும்.

அன்புடன்,
மாமா