கணிப்பொறிக்கு ஏற்ற திடநிலைச் சேமிப்பகத்தைத் தேர்ந்தெடுத்தல்

மும்பையின் துறைமுக இரயில் பாதையில், செம்பூருக்கும் மான்கூர்டுக்கும் இடையே அமைந்துள்ளது கோவண்டி. இதன் ஒரு புறம் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம்; மற்றொரு புறம் 1927-இல் தொடங்கப்பட்ட தேவநார்க் குப்பைமேடு. அறிவியல் கருவிகள் பிறக்கும் இடமும் கழிவுகள் சென்று சேரும் இடமும் ஒன்றையொன்று அடுத்திருக்கும் இப்பகுதியில், பள்ளியிலோ கள அலுவலகத்திலோ உள்ள பழைய கணிப்பொறியைக் கைவிடுவதா, செப்பனிடுவதா என்னும் வினா எழுவது இயல்பே. ஏழெட்டு ஆண்டுகள் உழைத்த பொறி, காலையில் விசையை அழுத்தினால் பல நிமிடங்கள் கழித்தே பணிக்கு ஆயத்தமாகிறது எனக் கொள்வோம். அது முற்றிலும் தேய்ந்துவிட்டது என முடிவு செய்தல் சரியன்று. பெரும்பாலும் தாமதத்துக்குக் காரணம் ஓர் உறுப்பே. அதுவே அதனுள் சுழலும் சேமிப்புத் தட்டு, அதாவது ஹார்டு டிஸ்க். அதனை மாற்றி, எஸ்.எஸ்.டி. எனக் கடைகளில் வழங்கும் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால், பொறி மேலும் சில ஆண்டுகள் பயன்படக்கூடும். எதனைத் தேர்ந்தெடுப்பது என்பதே இப்பாடத்தின் பொருள்.

தட்டு தாமதிப்பது ஏன்?

மேசைக் கணிப்பொறியின் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 120 முறை. ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் சுமார் 8.3 மில்லி விநாடி. தேவையான செய்தி படிக்கும் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல், காத்திருத்தல் வேண்டும். முனை உரிய வட்டத்துக்கு நகர்வதற்கு மேலும் எட்டு அல்லது ஒன்பது மில்லி விநாடி ஆகும். ஆகவே, ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு செய்திகளை விநாடிக்கு ஏறத்தாழ எண்பது முறையே தட்டினால் எடுத்துத் தர இயலும். கணிப்பொறி துவங்கும்போது இத்தகைய சிறு செய்திகள் பல்லாயிரம் தேவைப்படுகின்றன. திடநிலைச் சேமிப்பகத்தில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒரு செய்தியை எடுக்க அதற்கு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைந்த காலமே போதும். பயனின் உயிர்நிலை இதுவே.

அசையும் உறுப்பில்லாத நினைவகம் மும்பைக்குப் புதிதன்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய ‘டிஃப்ராக்’ கணிப்பொறி, 40 இருமக் குறிகள் கொண்ட 2,048 சொற்களைச் சிறு காந்த வளையங்களில் நினைவில் வைத்திருந்தது. கணக்கிட்டால் இது 81,920 குறிகள், அதாவது 10,240 பைட்டுகள். இன்று உள்ளங்கையில் அடங்கும் 500 ஜிகாபைட் சேமிப்பகம் அதனைப்போல் ஏறக்குறைய ஐந்து கோடி மடங்கு கொள்ளும். இதில் காந்த வளையத்துக்குப் பதிலாக, மின்காப்புப் படலத்தால் சூழப்பட்ட நுண்ணறைகள் எலக்ட்ரான்களைச் சிறைப்படுத்தி வைக்கின்றன. மின்சாரம் நின்ற பின்னும் அவை அவ்வறைகளிலேயே தங்கியிருக்கும்.

முதல் வினா: எந்தப் பொருத்தி?

வாங்குவதற்கு முன் கணிப்பொறியின் கையேட்டைப் பார்த்தல் வேண்டும். இயலாவிடில் மூடியைத் திறந்து தாய்ப்பலகையை நோக்குதல் வேண்டும். பழைய பொறிகளில் பெரும்பாலும் சாட்டா எனப்படும் இணைப்பே உண்டு. இதற்கு இரண்டரை அங்குலத் தட்டை வடிவச் சேமிப்பகம் பொருந்தும். மேசைப் பொறியின் மூன்றரை அங்குல இடத்தில் அமர்த்தச் சிறிய தாங்கி ஒன்று போதும். புதிய பொறிகளில் ‘எம்.2’ என்னும் பிளவு இருக்கலாம். அதில் செருகும் பலகை வழக்கமாக 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உடையது. ஈண்டு ஓர் எச்சரிக்கை: எம்.2 என்பது வடிவத்தின் பெயரே அன்றி வேகத்தின் பெயர் அன்று. அவ்வடிவில் சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.இ. வகையும் உண்டு. ஒன்றை மட்டும் ஏற்கும் பிளவில் மற்றொன்று உட்கார்ந்தாலும் இயங்காது.

சாட்டா வகை விநாடிக்குச் சுமார் 550 மெகாபைட் வரை செய்தி தரும். என்.வி.எம்.இ. வகை 3,500 மெகாபைட்டும் அதற்கு மேலும் தரக்கூடும். அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது இவ்வெண்ணே. ஆயினும் கடிதம் எழுதுதல், மதிப்பெண் பட்டியல் தயாரித்தல், கணக்கெடுப்புப் படிவங்களைத் தொகுத்தல் ஆகிய பணிகளில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு கைக்குப் புலப்படுவது அரிது. தட்டிலிருந்து திடநிலைக்கு மாறுவதே பெரும் பாய்ச்சல்.

இரண்டாம் வினா: எவ்வளவு கொள்ளளவு?

அலுவலகப் பணிக்கு 240 அல்லது 256 ஜிகாபைட் பெரும்பாலும் போதும். ஒளிப்படங்களும் ஒலிப்பதிவுகளும் சேருமிடத்தில் 500 ஜிகாபைட் நன்று. 500 என எழுதிய சேமிப்பகம் திரையில் 465 எனத் தோன்றுவதைக் கண்டு ஐயுற வேண்டியதில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்காகவும், பொறி 1,024-இன் மடங்காகவும் எண்ணுவதால் நேரும் வேறுபாடு அது. சேமிப்பகத்தை முழுவதும் நிரப்பலாகாது. பத்தில் ஒரு பங்கேனும் வெற்றிடமாக விடின் வேகமும் ஆயுளும் காக்கப்படும்.

மூன்றாம் வினா: எத்தனை காலம் உழைக்கும்?

ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் நுண்ணறையின் காப்புப் படலம் சிறிது தேய்கிறது. ஓர் அறையில் மூன்று குறிகளை வைக்கும் வகை டி.எல்.சி. எனவும், நான்கு குறிகளை வைக்கும் வகை கியூ.எல்.சி. எனவும் பெயர் பெறும். முன்னதில் எட்டு மின்னேற்ற நிலைகளையும், பின்னதில் பதினாறு நிலைகளையும் பிரித்தறிதல் வேண்டும். எனவே பின்னது மலிவாயினும் விரைவில் தேயும் இயல்பினது. மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதைத் தயாரிப்பாளர் விவரத்தாளில் குறிப்பிடுவர். எடுத்துக்காட்டாக, அவ்வளவு 80 டெராபைட் எனவும், நாள்தோறும் எழுதுவது 20 ஜிகாபைட் எனவும் கொள்வோம். 80,000-ஐ 20-ஆல் வகுக்க 4,000 நாட்கள், அதாவது ஏறத்தாழ 11 ஆண்டுகள் வரும். தேய்மானத்தைக் குறித்து மிகையான அச்சம் வேண்டாம் என்பதனை மாணவரும் இக்கணக்கால் அறிவர்.

நான்காம் வினா: பொருள் மெய்யானதா?

சந்தை விலையினும் மிகக் குறைந்த விலைக்குப் பேரளவுக் கொள்ளளவு தருவதாகக் கூறும் பொருள் ஐயத்துக்குரியது. பெயருக்கு இரண்டு டெராபைட் எனக் காட்டி, உண்மையில் அதில் சிறு பகுதியையே கொள்ளும் போலிகள் உண்டு. வரிச் சீட்டும், மாதிரி எண்ணும், உத்தரவாத ஆண்டுகளும் தெளிவாக உள்ளதையே வாங்குதல் வேண்டும். வாங்கியவுடன், செய்தியை முற்றும் நிரப்பித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் சோதனையை ஒரு முறை செய்தல் நலம்.

இதனால் ஆகாதவை

திடநிலைச் சேமிப்பகம் சகல நோய்க்கும் மருந்தன்று. பொறியின் செயல் நினைவகம் நான்கு ஜிகாபைட்டுக்கும் குறைவாயின் அதனையும் கூட்டுதல் வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய பொறியில் லினக்ஸ் போன்ற இயக்கமுறையை அமர்த்துதல் பற்றி ஆலோசிக்கலாம்.

யாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. தட்டு பழுதாகுமுன் பல வேளைகளில் ஓசை எழுப்பியும் மெதுவாகியும் எச்சரிக்கும். திடநிலைச் சேமிப்பகமோ முன்னறிவிப்பின்றி ஒரு காலை வேளையில் மௌனமாகிவிடக்கூடும். அழிந்த செய்தியை அதிலிருந்து மீட்பதும் கடினம். மேலும், தன் எழுத்தாயுளை முடித்த சேமிப்பகம் மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு செய்தியைக் காத்தால் போதும் என்பதே தனியார் உபயோகப் பொருளுக்குரிய சர்வதேசத் தரம். வெப்பம் மிகுந்தால் அக்காலம் குறையும். எனவே இதனை அலமாரியில் பூட்டி வைக்கும் ஆவணப் பெட்டியாகக் கருதலாகாது. கோவண்டியின் குறுகிய சந்துகளில் வீடு வீடாகச் சென்று களப் பணியாளர் திரட்டிய விவரங்களை மீண்டும் திரட்ட இயலாது. குடும்பங்கள் இடம் பெயர்ந்திருக்கும், கேட்ட குழந்தை வளர்ந்திருக்கும். ஆகவே, வாரம் ஒரு முறையேனும் வேறொரு தட்டில் நகல் எடுத்து வேறோர் இடத்தில் வைத்தல் கடமையாகும். நல்ல நிலையிலுள்ள பழைய ஹார்டு டிஸ்க்கையே இதற்குப் பயன்படுத்தலாம்.

பழுதான தட்டைக் குப்பையில் எறிதல் தகாது. அதிலுள்ள விவரங்களை அழித்த பின், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்தல் வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின் நோக்கமும் அதுவே.

வகுப்பில் செய்வதற்கு

1. தட்டு மாற்றுவதற்கு முன்பும் பின்பும், விசையை அழுத்தியது முதல் பணிக்கு ஆயத்தமாகும் வரை ஆகும் விநாடிகளை மும்முறை அளந்து சராசரி காண்க.

2. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டில் அரைச் சுற்றுக்கு ஆகும் காலம் எவ்வளவு?

3. உங்கள் பள்ளியில் நாள்தோறும் எழுதப்படும் செய்தியின் அளவை மதிப்பிட்டு, 150 டெராபைட் எழுதத்தக்க சேமிப்பகம் எத்தனை ஆண்டு உழைக்கும் எனக் கணக்கிடுக.