இருட்டறையும் மின்னொளியும்

ஒளியின்றி ஒளிப்படம் இல்லை. கதிரவன் ஒளி புகாத அறையில் உருவங்களைப் படமெடுப்பது முற்காலத்தில் பெரிதும் அரிதாயிருந்தது. 1887-ஆம் ஆண்டில் செருமானியர் இருவர், மக்னீசியத் தூளைப் பொட்டாசியம் குளோரேட்டு முதலியவற்றோடு கலந்து, நொடியில் எரிந்து பேரொளி தரும் பொடியொன்றைக் கண்டனர்.

அச்செய்தியை நாளிதழிற் படித்த ஒருவர், எதிரே அமர்ந்திருந்த மனைவி திடுக்கிடுமாறு கூவினார். அவரே ஜேக்கப் ரைஸ். டென்மார்க்கு நாட்டில் 1849-இல் பிறந்து, 1870-இல் அமெரிக்கா சென்று, வேலையின்றி அலைந்து, பின்னர் நியூயார்க்கு நகரில் செய்தியாளரானவர். காற்றும் கதிரும் நுழையாத குடியிருப்புகளில் ஏழை மக்கள் நெருக்குண்டு வாழ்வதை அவர் எழுதி எழுதி அலுத்தார். எழுத்து எவர் நெஞ்சையும் அசைத்திலது. படம் அசைக்கும் எனத் துணிந்தார்.

முதலில் கைத்துப்பாக்கியிலிட்டுப் பொடியைக் கொளுத்தினார். துப்பாக்கியைக் கண்டார் அஞ்சி ஓடினமையின், பின்னர் வாணலியில் இட்டுக் கொளுத்தினார். இம்முயற்சியில் இருமுறை வீடு தீப்பற்றியது. ஒருமுறை அவரே தீயில் அகப்பட்டார். பேயார்டுத் தெருவில் ஓர் அறை. நீளமும் அகலமும் 13 அடிக்குக் குறைவு. அங்கே ஆடவரும் பெண்டிருமாகப் பன்னிருவர் உறங்கினர். ஓர் இடத்திற்குக் கூலி 5 சென்ட். ஒளி வெடித்தது, உறக்கம் கலைந்த முகங்கள் படத்திற் பதிந்தன. உறங்குவோர்தம் இசைவை அவர் கேட்டிலர். அஃது ஒரு குறையே. ஆயினும் 1890-இல் வெளிவந்த அவரது நூல் நகரத்தாரை நாணச் செய்தது. இழிந்த குடியிருப்புகள் மலிந்திருந்த மல்பெரி வளைவு இடிக்கப்பட்டு, அவ்விடத்தே 1897-இல் பூங்கா அமைந்தது.

அத்தகைய படங்களில் அண்மையிலிருப்போர் முகம் வெளுத்தும், பின்புறம் இருண்டும் தோன்றும். காரணம் யாது? ஒளி செல்லுந்தொலைவு இருமடங்காயின் அதன் வலிமை நான்கில் ஒன்றாகும். மும்மடங்காயின் ஒன்பதில் ஒன்றாகும். ஆதலின் குழுவாகப் படமெடுக்குங்கால், அனைவரையும் விளக்கினின்று ஏறக்குறைய ஒரே தொலைவில் நிறுத்துதல் வேண்டும்.

பொடிக்குப் பின் கண்ணாடிக் குமிழ்களும், அவற்றின் பின் பிளாஷ் எனப்படும் மின்னொளி விளக்கும் வந்தன. புகையும் தீயும் ஒழிந்தன. நேரே பாயும் ஒளியின் கொடுமை ஒழியவில்லை. அவ்வொளி முகத்தின் மேடுபள்ளங்களை மறைத்துத் தட்டையாக்கும். சுவரிற் கரிய நிழல் வீழ்த்தும். ஒளிப்படப் பெட்டியின் கண்ணாடிவில்லைக்கு மிக அருகே விளக்கு இருப்பின், விழித்திரையின் குருதிநிறம் பட்டுக் கண்மணி செந்நிறமாய்த் தோன்றும். அழகிய முகமும் அச்சந்தரும்!

இதற்கு மாற்று எளிது. விளக்கை மேல்நோக்கித் திருப்பினால், ஒளி வெண்ணிறக் கூரையிற் பட்டுப் பரந்து, மேகமூடிய பகல்போல் மென்மையாய் இறங்கும். கண்குழிகளில் நிழல் தங்குமாயின், பக்கச்சுவர்மீது திருப்புதல் நன்று. சுற்றிவரும் ஒளி வலி குன்றுமாதலின், விளக்கின் ஆற்றலைக் கூட்டவேண்டும். சுவர் பச்சையாயின் முகமும் பச்சையாகும். அத்தகைய அறையில் பெரிய வெண்தாள் ஒன்றைப் பக்கத்தே பிடித்து, அதன்மேல் ஒளியைச் செலுத்துவர்.