ஈருலோக ஊக்கிகள்

திருக்கோணமலைக் கரையில் தோணி கட்டும் கயிறுகளுட் பல இன்று தென்னந்தும்பால் ஆனவையல்ல, பொலித்தீனால் ஆனவை. எதிலீன் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கிற் கோத்த பொருளே பொலித்தீன். எண்ணெயிலிருந்து பெறும் நாப்தாவை உயர்ந்த வெப்பநிலையிற் பிளந்து எதிலீனைப் பெறுவர். வங்காளத்தில் 2000ஆம் ஆண்டில் தொழிற்படத் தொடங்கிய ஹால்தியா ஆலை இவ்வகையது.

பிளக்கும்போது அசற்றலீனும் உடன்தோன்றும். (கல்சியங்காபைட்டில் நீர் சொட்டவிட்டு இவ்வாயுவைத் தயாரித்த நாளையும், ஆய்வுகூடம் நிறைந்த அந்நாற்றத்தையும் பழைய மாணவர் மறந்திரார்.) அது நூற்றுக்கு ஒரு பங்களவே இருப்பினும், எதிலீனைக் கோக்கும் ஊக்கிக்கு நஞ்சாகும். பத்து இலட்சத்திற் சில பங்கு என்னும் அளவுக்கு அதனைக் குறைத்தல் வேண்டும். அசற்றலீனோடு ஐதரசன் மூலக்கூறு ஒன்று சேர்ந்தால் எதிலீனாகும். இன்னுமொன்று சேர்ந்தாலோ எதேனாகிவிடும். நஞ்சை நீக்கப் புகுந்தவர் பொருளையே இழப்பர். இத்தாக்கம் வெப்பத்தை வெளிவிடுவதாகலின், அளவு மீறினால் கலமும் கட்டுக்கடங்காது சூடேறும்.

பல்லேடியம் இவ்வேலையில் மிக வல்லது. அவ்வன்மையே அதன் குறை. அடுத்தடுத்து நிற்கும் பல்லேடிய அணுக்கள் எதிலீனையும் இறுகப் பற்றும். ஐதரசனைத் தம்முள் உறிஞ்சிவைத்து வேண்டாத வேளையிற் கொடுக்கும். வெள்ளியோ இத்தொழிலில் ஏறக்குறையச் சோம்பேறி. அச்சோம்பேறியைக் கலப்புலோகமாகச் சேர்த்தால் பல்லேடிய அணுக்கள் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கின்றன. தனித்த அணுவில் எதிலீன் தளர்வாகத் தங்கி, மேலும் ஐதரசன் ஏறுமுன் அகன்றுவிடுகின்றது. உறிஞ்சப்படும் ஐதரசனும் குறைகின்றது. வேகம் குன்றினும் ஆலையினர்க்கு இதுவே இலாபம். 1952இல் லிண்ட்லர் பல்லேடியத்தை ஈயத்தால் அடக்கியதும் இத்தகைய உபாயமே.

நனோத்துணிக்கையாகச் செய்வது பெரும்பாலும் விலை கருதியே. நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ இரண்டு நனோமீற்றர் அகலத்தில் 309 அணுக்களை ஒழுங்காக அடுக்கினால் 162 அணுக்கள் மேற்பரப்பில் நிற்கும். வாயுவைத் தொடுவன அவையே.

ஆனால் அடுக்கியபடியே அணுக்கள் இருப்பதில்லை. வெள்ளி இயல்பாக மேற்பரப்பை நாடும். முற்றாக மூடிக்கொண்டால் ஊக்கி உறங்கிவிடும். காபனோரொட்சைட்டுச் சூழ்ந்தாற் பல்லேடியம் மேலே இழுக்கப்படும். எனவே தயாரித்த நாளிற் கண்ட துணிக்கை வேறு; வாயுவினிடையே தொழில் புரியும் துணிக்கை வேறு. உலோகங்களின் விகிதத்தை மாத்திரம் கூறி ஊக்கியை விவரிப்போர் பாதியே கூறினராவர். எஞ்சிய பாதியை அறியவே, தாக்கம் நிகழும்பொழுதே எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அணுக்களின் இருப்பை ஆய்வாளர் நோக்கி வருகின்றனர்.