காஞ்சனாபுரி போய்வந்த தம்பிக்கு



தாய்லாந்தின் காஞ்சனாபுரிக்குக் குடும்பத்தோடு போய்வந்ததைப் பற்றி ஞாயிறு பதிப்பில் நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். கோபம் ஆறட்டும் என்று பதில் எழுதுவதைத் தள்ளிப்போட்டேன். ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் எதற்காக அந்தச் சயாம்–பர்மா ரயில் பாதையைப் போட்டான், பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரைக்கும் எப்படிப் போட்டு முடித்தான் என்பதெல்லாம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதில் நீ ஒன்றும் தப்பாக எழுதிவிடவில்லை. என் வழக்கு வேறு.

"ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஓர் உயிர்" என்று எழுதியிருக்கிறாய். எழுதியதோடு விட்டாயா, அதையே உள்தலைப்பாகவும் போட்டிருக்கிறாய். ஆசிரியர் நாற்காலியில் இருந்த காலத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை பேர் கையெழுத்தில் பார்த்திருப்பேன்! பார்த்த இடத்திலெல்லாம் அடித்திருக்கிறேன். பாதையின் நீளம் 415 கிலோமீட்டர் என்று நீயே நாலு வரி மேலே எழுதியிருக்கிறாய். கிலோமீட்டருக்கு ஆயிரம் கட்டை என்று குறைத்துப் போட்டாலும் நாலு லட்சத்தைத் தாண்டுகிறது. வெள்ளைக்காரக் கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் சேர்த்து, செத்தவர்கள் ஒரு லட்சம் அளவில் இருக்கும் என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்லும் மதிப்பீடு. வகுத்துப் பார். ஏறக்குறைய நாலு மீட்டருக்கு ஓர் ஆள். உன் வீட்டுக் கூடத்தின் நீளம் அவ்வளவு இருக்குமா? அந்த நீளத்துக்கு ஒருவர் வீதம் கோலாலம்பூரிலிருந்து கெடா வரைக்கும் கிடத்திப் பார். நாலு மீட்டர் என்று நீ எழுதியிருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். கட்டைக்கு ஓர் உயிர் என்றதும் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். செத்தவர்களைக் கூட்டிச் சொன்னால் மரியாதை கூடும் என்று யார் உனக்குச் சொன்னது?

அடுத்தது அந்த விசில். பாலத்தின் மேல் நின்றபோது 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் விசில் இசை உன் காதில் ஒலித்ததாம், கண்கள் குளமானதாம். தம்பி, அந்தப் படம் 1957இல் வந்தது. அதை எடுத்த இடம் இலங்கையில் களனி ஆற்றங்கரையில் இருக்கும் கித்துல்கல. மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்ட நம் தமிழ் ஆட்களுக்கு அதில் இடமே கிடையாது. படத்தைப் பார்த்துவிட்டு அந்த ஆற்றைத் தேடி வந்த வெளிநாட்டுக்காரர்களுக்காக, மே கிளாங் என்று இருந்த ஆற்றின் அந்தப் பகுதிக்குத் தாய்லாந்துக்காரர்கள் குவாய் யாய் என்று பெயர் மாற்றினார்கள். இவ்வளவும் நடந்த பிறகு, உன் முப்பாட்டன் மண் சுமந்த மண்ணில் நின்றுகொண்டு உனக்கு ஹாலிவுட் விசில் கேட்கிறது! அதே இடத்தில் நின்று கொஞ்சம் நிமிர்ந்து பார்த்திருந்தால், ஜாவாவிலிருந்து கொண்டுவந்த வளைந்த இரும்புச் சட்டங்களுக்கு நடுவே இரண்டு மட்டும் கோணமாக இருப்பது தெரிந்திருக்கும். 1945இல் குண்டு விழுந்து போனவற்றுக்குப் பதிலாக, போர் முடிந்தபின் வைத்தவை அவை. கண் குளமாக இருந்தால் இதெல்லாம் தெரியாது. உன் கட்டுரையில் கண்ணீர் ஆறு இடத்தில் வருகிறது, எண்ணினேன்.

எண்ணிக்கை என்றதும் "ஐயா தொடங்கிவிட்டார்" என்று சிரிப்பாய். சிரி. ஆனால் கேள்.

நீ பார்த்த பெரிய போர்க்கைதிகள் கல்லறைத் தோட்டத்தில் 6,982 பேர் இருக்கிறார்கள். ஏழாயிரம் என்று யாரும் சொல்வதில்லை, 6,982. இந்தத் துல்லியம் எப்படி வந்தது? கைதி முகாம்களில் அதிகாரிகள் செத்தவர்களின் பெயரையும் நாளையும் புதைத்த இடத்தையும் எழுதி, ஜப்பான்காரன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். சண்டை முடிந்த கையோடு, 1945 செப்டம்பர், அக்டோபரில் ஒரு குழு பாதை நெடுகப் போய் 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைத் தேடியது. கண்டுபிடிக்க முடியாமல் போனவை 52 மட்டும். அந்தக் குழுவின் வேலை போர்க்கைதிகளைத் தேடுவது. அதே காட்டில், அதே பாதையோரக் குழிகளில் கிடந்த கூலிக்காரர்களைத் தேடச் சொல்லி யாரும் யாரையும் அனுப்பவில்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கைதிகளுக்கு அவர்களோடு வந்த டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வை, குழி வெட்டு என்று அதட்டி வேலை வாங்கினார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு போன நம் ஆட்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை. 60,000க்கு மேற்பட்ட கைதிகளில் செத்தவர்கள் 12,000 சொச்சம். ஆசியத் தொழிலாளர்களில் 90,000 வரை என்கிறார்கள். முதல் கணக்குக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு. இரண்டாவதற்கு மதிப்பீடுதான் உண்டு.

"நம் வரலாறு எழுதப்படாத வரலாறு" என்று நீ அங்கலாய்க்கிறாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுதப்படாத மக்களா நாம்? தோட்டத்தில் காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் போடாமல் எவனுக்கும் ஒரு நாள் கூலி விழுந்ததில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் ஆண், பெண், பால் மரம் வெட்டுபவர், புல் வெட்டுபவர் என்று ஒருவர் விடாமல் எழுதி வைத்திருந்தார்கள். 1942க்கு முந்தைய செக்ரோலையும் 1946க்குப் பிந்தைய செக்ரோலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் திரும்பவில்லை என்பது தெரிந்திருக்கும். போர் முடிந்து துரைமார்கள் திரும்பி வந்தார்கள், ஆபீசைத் திறந்தார்கள், ஆள் பற்றாக்குறை என்று மட்டும் எழுதினார்கள். அந்தப் புத்தகங்கள் கரையானுக்கும் அடுப்புக்கும் போயின. எழுதாமல் விட்டதும் எழுதியதைக் காக்காமல் விட்டதும் ஒன்றல்ல. பழியை யார்மேல் போடுகிறோம் என்பதே இதில் மாறிப்போகிறது.

சயாம் போய்த் திரும்பியவர்களைப் பார்க்கப் பேராக்கில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். எழுபதுகளின் கடைசி. லயத்துத் திண்ணையில் ஒரு பெரியவர். கெண்டைக்காலில் ஒரு முட்டையை வைக்கும் அளவுக்குக் குழி, அங்கே வந்த புண் ஆறிய தழும்பு. ஜப்பான்காரன் கொடுமையைச் சொல்வார் என்று நான் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவரோ, அரிசியை வித்துத் தின்ன கங்காணியைத்தான் திட்டினார். இரண்டு மூங்கிலுக்கு நடுவே கோணிச்சாக்கைக் கட்டி, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் என்று மண் தூக்கியதைச் சொன்னபோது, பின்னால் இருப்பவன் குள்ளமாக இருந்தால் பாரமெல்லாம் அவன் தலையில்தான் என்று சிரித்தார். பிறகு நான் கேட்காமலே பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் தோட்டத்திலிருந்து ஒரே லாரியில் ஏற்றப்பட்டவர்கள். பெரட்டில் நின்ற வரிசையிலேயே சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரே சொல்: "வந்தான்" அல்லது "வரல." ரொம்ப நேரம் "வரல"தான். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் ஓர் இடத்தில், "அவனுக்கு முன்னாடி அவன் தம்பி நிப்பான்ல?" என்று திருத்தினார். நான் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இரண்டையும் நீ படித்திருப்பாய். நாவலாசிரியர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். கட்டுரை எழுதுகிற நமக்கு வேறு வேலை.

கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், 2003இல் திறந்த ரயில்வே மியூசியத்துக்குப் போனாயே, அதை உண்டாக்கிய ராட் பீட்டி ஓர் ஆஸ்திரேலியர். காடு மண்டிய பாதையைத் தானே நடந்து அளந்தவர். கைதியாக இருந்த ஒருவரின் பேரன் வந்து தாத்தா பெயரைச் சொன்னால், எந்த முகாம், என்ன நோய், எந்தத் தேதி என்று எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு அங்கே தகவல் சேர்த்திருக்கிறார்கள். உன் அம்மா அந்த மேசையில் போய் நின்றிருந்தால் என்ன பெயரைச் சொல்லியிருப்பார்?

இப்போது நல்லதைச் சொல்கிறேன், வாங்கிக்கொள். அந்த மியூசியத்தின் மேல்மாடியில் காப்பி குடித்துக்கொண்டே சன்னல் வழியாகக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கிற பத்தி இருக்கிறதே, அதை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று பொறாமைப்பட்டேன். காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று உன் அப்பா முனகுகிறார். உன் தம்பி கற்களை எண்ண ஆரம்பித்து, ஒரு வரிசையோடு விட்டுவிட்டு வைஃபை கேட்கிறான். அம்மா, "இவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்களே" என்கிறார். அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஆனால் நம் நாட்டில் இந்தப் போரைப் பற்றித் தமிழில் வந்த எழுத்துகளில் இதற்கு ஈடாகச் சொல்ல என் நினைவில் அதிகமில்லை. இதை எழுதிய கைதானா சிலிப்பர் கட்டையையும் எழுதியது?

அதற்கு அடுத்த பத்தியில்தான் என் தலை வெடித்தது. "பாட்டிக்கு முட்டி வலி என்பதால் வேனிலேயே இருந்துவிட்டார்." ஒரே வரி. கட்டுரையின் தொடக்கத்தில், பாட்டியின் அப்பா சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் என்றும் ஒரு வரி. இரண்டுக்கும் நடுவே நீ மியூசியம் முழுக்கச் சுற்றியிருக்கிறாய்! கட்டுரை வேனுக்குள் உட்கார்ந்திருந்தது தம்பி, நீ டிக்கெட் வாங்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாய். முட்டி வலிதானா, உள்ளே வர மனமில்லையா? கேட்டாயா?

பாலத்துக்குப் பக்கத்தில் 1944இல் ஜப்பான் ராணுவமே கட்டிய நினைவுத் தூண் ஒன்று உண்டு. தங்கள் கையால் செத்தவர்களுக்குத் தாங்களே எழுப்பியது. அதன் சுற்றுச்சுவரில் பல மொழிக் கல்வெட்டுகள், அதில் தமிழும் உண்டு. பாட்டியை அங்கே கூட்டிப்போயிருக்கலாம். ஊருக்குள் வாட் தாவோன் வராராம் கோயிலில் பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை வைத்து எழுப்பிய சமாதியும், தமிழர்களுக்கென்று பின்னால் நட்ட நடுகல்லும் இருக்கின்றன. உன் கட்டுரையில் இவை ஒன்றுமே இல்லை. இரவுச் சந்தையின் மாம்பழச் சோற்றுக்கு மட்டும் முழுதாக ஒரு பத்தி.

இந்தக் கட்டுரையைத் திரும்ப எழுது. அதற்கு முன் பாட்டியிடம் உட்கார். எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்டுத் தொலைக்காதே. எந்தத் தோட்டம், எந்த லயம், அப்பா பால் மரம் வெட்டினாரா, காடு வெட்டினாரா, லாரி வந்தது பகலா ராத்திரியா, கூடப் போனவர்கள் யார் யார், வந்து சொன்னவர் யார், அம்மா தாலியை எப்போது எடுத்தார், எதை நம்பி எடுத்தார் என்று கேள். பெயர்களை அவர் சொல்கிற வரிசையில் எழுது, அழகுபடுத்தாதே. அவர் சொல்ல மறுத்தால் மறுத்தார் என்று எழுது.

தோட்டத்தின் பெயர் தெரிந்ததும் முதலில் எனக்கு ஒரு வரி போடு. என் நோட்டுப் புத்தகத்தில் அந்தத் தோட்டத்து ஆட்கள் இருந்தால் பக்கத்தைப் பிரதி எடுத்து அனுப்பிவைக்கிறேன். இல்லாவிட்டால் பாட்டி சொல்கிற பெயர்களை நீ எனக்கு அனுப்பு, சேர்த்து எழுதி வைக்கிறேன்.