மட்டாஞ்சேரியில் பழைய ஃபிலிம் கேமரா: பார்த்து வாங்க, எடுக்க, காக்க

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய கேமராவைக் கெடுப்பது ஈரம். ஒருபுறம் காயல், சற்றுத் தள்ளிக் கடல். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் அலமாரியில் வைத்த தோல்செருப்பு கூடப் பூத்துவிடும். லென்ஸ் மட்டும் தப்புமா? அதனால் இங்கே ஃபிலிம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் கேமராவின் பெயரைப் பிறகு பார்க்கலாம், முதலில் லென்ஸைப் பாருங்கள்.

1568இல் கட்டிய பரதேசி சினகாக் இருக்கும் ஜூ டவுன் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. அங்கே ஒரு கேமரா கண்ணில் பட்டாலும் சரி, தெரிந்தவர் வீட்டுப் பரணிலிருந்து கிடைத்தாலும் சரி, சோதனை ஒன்றுதான். லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். தூசி தெரிந்தால் கவலை வேண்டாம், படத்தில் வராது. சிலந்தி நூல்போல் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் அது ஃபங்கஸ். ஓரத்தில் மட்டும் இருந்தால் பிரித்துத் துடைக்கத் தெரிந்தவர் சரி செய்துவிடுவார். கண்ணாடியின் பூச்சையே அது அரித்திருந்தால், துடைத்த பிறகும் தடம் நிற்கும்; அந்த லென்ஸ் வேண்டாம். பால்போன்ற மங்கல் இருந்தாலும் வேண்டாம், வெயிலை நோக்கி எடுக்கும் ஒவ்வொரு படமும் வெளிறிப் போகும்.

அடுத்து ஷட்டர். ஒரு செகண்ட், அரை, கால் என்று வைத்து அழுத்திக் காதால் கேளுங்கள். இழுத்துக்கொண்டு நின்றால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது, சர்வீஸ் செலவு உண்டு. பின்கதவு ஓரத்திலுள்ள பஞ்சு தார்போல் ஒட்டினால் பயப்பட வேண்டியதில்லை. எழுபதுகளின் ஜப்பான் கேமராக்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மாற்றுவது சுலபம், விலையைக் குறைத்துக் கேட்கவும் அது உதவும்.

எந்தக் கேமரா? என் முடிவு பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை தயாரானது. பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும், பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். அந்த மீட்டருக்குச் சுவிட்ச் கிடையாது, எடுக்காத நேரத்தில் லென்ஸ் மூடியைப் போட்டுவிடுங்கள். நிக்கான் எஃப்எம்2 இதைவிட உறுதியானது, விலையும் அதிகம். பழைய ஸ்டுடியோக்களில் இருந்த யாஷிகா மேட் 124ஜி அருமையான கேமரா, ஆனால் அதன் மீட்டர் 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரியை நம்பியது. அது இப்போது வருவதில்லை. காதுக்கருவிக்குப் போடும் ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் தரும், அதைச் சிறு வளையம் கொடுத்துப் பொருத்தலாம்.

ஃபிலிம் செலவு தாங்காதவர்கள் லென்ஸை மட்டும் வாங்கி டிஜிட்டல் மிரர்லெஸ்ஸில் அடாப்டர் போட்டு மாட்டலாம். ரஷ்ய ஸெனிட்டோடு வந்த ஹீலியோஸ் 58 எம்எம் லென்ஸ் இதற்கு நல்ல தொடக்கம். மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்’ அமைப்பை ஆன் செய்ய மறக்காதீர்கள். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மட்டும் சாதாரண அடாப்டரோடு இந்த லென்ஸைப் போட்டால் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது.

இனி வெளிச்சம். இந்த ஊரில் கஷ்டமும் இதில்தான், அழகும் இதில்தான். 400 ஐஎஸ்ஓ ரோல் போட்டு பஜார் ரோட்டில் உச்சிவெயிலில் நின்றால் எஃப் 16, 1/500 செகண்ட். சுக்கும் மிளகும் மணக்கும் குடோனுக்குள் நாலடி போனால் எஃப் 2, 1/30 கேட்கும். பத்து ஸ்டாப் இடைவெளி, ஆயிரம் மடங்கு வித்தியாசம். இரண்டையும் ஒரே ஃபிரேமில் பிடிக்க முயன்றால் உள்ளே கரியாகும், அல்லது வெளியே வெளுக்கும். வாசலுக்கு ஓரடி உள்ளே ஆளை நிறுத்துங்கள், முகத்துக்கு அருகே போய் மீட்டர் பாருங்கள், தெருவை விட்டுவிடுங்கள். குடோன்களின் பின்புறம் கிழக்கே காயலைப் பார்த்திருக்கிறது. அதனால் காலை ஒன்பது மணிக்கு முன்னால் அந்தக் கதவுகள் வழியே தாழ்ந்த வெயில் தரைவரை வரும். சீன மீன்பிடி வலைகளை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது. சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுங்கள்.

மீட்டரைப் புரிந்துகொள்ள வெளி என்ற பகுதியிலுள்ள தோபி கானாவைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. டச்சுக்காரர் காலத்தில் துணி துவைக்க வந்ததாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்களின் இடம் அது, தமிழிலேயே பேசி அனுமதி கேட்கலாம். கொடி முழுக்க வெள்ளை விரிப்புகள். மீட்டர் வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். அது சொல்வதைவிட ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டினால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். மற்ற இடங்களில் “ஒரு ஃபோட்டோ எடுத்தோட்டே?” என்று மலையாளத்தில் கேளுங்கள். மூட்டை சுமப்பவரின் வழியை மறித்து நிற்காதீர்கள். சினகாக் சனிக்கிழமையும் வெள்ளி பிற்பகலும் மூடியிருக்கும், டச்சு அரண்மனை வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.

கறுப்பு வெள்ளை ரோலை வீட்டிலேயே கழுவலாம். புத்தகங்கள் 20 டிகிரி என்று சொல்லும். கொச்சிக் குழாய்த் தண்ணீர் 27, 28க்குக் குறையாது. பெரிய டப்பில் தண்ணீரும் ஐஸும் போட்டு, மருந்துப் பாட்டில்களை அதில் நிறுத்தி 24க்குக் கொண்டுவாருங்கள். இல்ஃபோர்டு எச்பி5 ரோலுக்கு டி-76 மருந்தைச் சம அளவு தண்ணீரில் கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம், 24இல் ஏழரையிலிருந்து எட்டு நிமிடம். கலக்காத மருந்தை இந்தச் சூட்டில் ஊற்றினால் நேரம் ஐந்து நிமிடம் அளவுக்குச் சுருங்கி, படம் திட்டுத்திட்டாக வரலாம். கடைசியாக அலசும் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்க வேண்டும். ஃபேன் போடாமல் குளியலறையில் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் இரவு முழுக்கத் தொங்கட்டும், பிசுபிசுப்போடு உறையில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

கேமராவைத் தோல் உறையில் வைக்கவே வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத சமையலறை டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பதமானி, இவை போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால், சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி போடலாம். வாரம் ஒருமுறை எடுத்து எல்லா வேகத்திலும் ஷட்டரை ஓட்டுங்கள். ஃபிலிமை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காதீர்கள்; ஒரு மணி நேரமாவது வெளியே இருந்து சூடு சமமான பிறகு திறந்தால்தான் ரோலில் நீர் கோக்காது.