நீலகிரியிற் காற்று வீசுமாறு

சென்னைக் கடற்கரையில் ஒரு பாரமானியை நிறுத்துவோமாயின் அதனுள் இரசம் ஏறத்தாழ 30 அங்குலம் உயர்ந்து நிற்கும். அதனையே தொட்டபெட்டாவின் முடிக்கு, அதாவது 8,650 அடி உயரத்திற்கு, எடுத்துச் சென்றால் 22 அங்குல அளவே நிற்கக் காண்போம். 1847, 1848 ஆகிய ஆண்டுகளில் அம்முடியிலேயே வானிலைக் கூடம் ஒன்று நடத்தி இத்தகைய அளவுகளைக் குறித்து வந்தனர். அமுக்கம் மிக்க இடத்தினின்று குறைந்த இடத்தை நோக்கிக் காற்றுச் செல்லும் என்பது நாம் பள்ளியிற் கற்ற பாடம். அங்ஙனமாயின், இத்துணைப் பெரிய வேறுபாடு இருக்கவும், சமவெளியினின்று உதகையை நோக்கி இரவும் பகலும் ஒரு பெரும் புயல் ஏறிக்கொண்டிராதது ஏன்?

காற்றை மேலே தள்ளும் அவ்வேறுபாட்டிற்கு எதிராகக் காற்றின் எடை அதனைக் கீழே இழுக்கின்றது. இரண்டும் ஒத்து நிற்றலின் மேலோட்டம் நிகழ்வதில்லை. ஆகவே நாம் தேட வேண்டுவது ஒரே மட்டத்திலுள்ள இரண்டு இடங்களுக்கிடையே தோன்றும் வேறுபாட்டையே. அதுவோ மிகச் சிறிது. ஆடி மாதத்தில் இராஜஸ்தானத்துப் பாலையின் அமுக்கத்தையும் மலையாளக் கரையின் அமுக்கத்தையும் கடல்மட்டத்திற்குக் கணக்கிட்டு ஒப்பிட்டால், வேறுபாடு ஓர் அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு அளவினதே. தென்மேற்குப் பருவக்காற்றை நம் நாட்டினுள் ஈர்ப்பது இச்சிறு பங்குதான் என்றால் வியப்பன்றோ!

அக்காற்றும் நேர்வழியே வருவதன்று. தென்கோளத்தில் தென்கிழக்கினின்று புறப்படுவது, பூமத்திய ரேகையைக் கடந்தபின் பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகின்றது. இத்திரும்பலின் கணக்கை 1835-இல் வகுத்தவர் கொரியோலி என்னும் பிரெஞ்சு அறிஞர். நீலகிரியின் மேற்குச் சுவரில் மோதிய காற்று மேலேறிக் குளிர்ந்து மழையைச் சொரிகின்றது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செண்டிமீட்டருக்கு மேற் பெய்தது. கீழ்ப்புறத்துக் கோத்தகிரியோ தன் மழைக்குப் பெரிதும் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குக் காற்றையே எதிர்நோக்கும். மலையேற இயலாத காற்றில் ஒரு பகுதி பாலக்காட்டுக் கணவாயில் நெருங்கிப் புகுந்து விரைகின்றது. உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது அதனாலேயே.

இனி, தேயிலை பயிரிடுவோர் அஞ்சும் காற்று ஒன்றுண்டு. அது வீசுவதே தெரியாது. மார்கழி, தை மாதங்களில் மேகமற்ற இரவில் நிலம் தன் உஷ்ணத்தை வானிற்கு விட்டுவிடுகின்றது. நிலத்தையொட்டிய காற்றுக் குளிர்ந்து கனத்து, சரிவின் வழியே நீர்போல் மெல்ல இறங்கித் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்விடங்களில் தேங்குகின்றது. எனவே மேட்டுத் தோட்டம் தப்ப, பள்ளத்துத் தோட்டத்தில் உறைபனி படிந்து கொழுந்து கருகும். உயர ஏறக் குளிர் மிகும் என்று மட்டும் கற்ற மாணவர்க்கு இது தலைகீழாகத் தோன்றலாம். பலமாகக் காற்று வீசும் இரவில் உறைபனி அரிது. மேலுள்ள வெப்பக் காற்றைக் கீழுள்ளதோடு அது கலக்கிவிடும். காற்றில்லா இரவிற்கோ பயிரிடுவோர் செடிகளைத் தழையால் மூடி வைக்கின்றனர். சரிவின் குறுக்கே, தோட்டத்தின் கீழ்எல்லையில் அடர்ந்த வேலி வைத்தவர் குளிர்காற்றைக் கரை கட்டித் தேக்கியவராவர். அவ்வேலியின் அடியில் வழி திறந்துவிட்டால் அது தானே இறங்கிப் போகும்.